மூக்குக்கு இரண்டாவது ஆபரேஷன்: முதலில் கையிருப்பைப் பாருங்கள்

கேள்வி கேட்டவருக்கு 27 வயது. போன ஆடியில் மூக்குத் தண்டு வளைவையும் மூக்கின் மேலிருந்த மேட்டையும் ஒரே ஆபரேஷனில் சரிசெய்திருக்கிறார்கள். பத்து மாதம் ஆகிறது. மேடு போய்விட்டது. ஆனால் நடு மூக்கு ஒடுங்கி, மேலிருந்து வெளிச்சம் பட்டால் இரண்டு பக்கமும் நிழல் விழுகிறது. நுனி இன்னும் தடித்தே இருக்கிறது. வேகமாக மூச்சை இழுத்தால் இடது பக்கம் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு டாக்டர் பார்த்துவிட்டு, "ரிவிஷன் பண்ணிடலாம், விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். வருகிற தையில் கல்யாணம். அதற்குள் செய்துகொள்ளலாமா, அம்மா சொல்வதுபோல அப்படியே விட்டுவிடலாமா, பாட்டியின் எட்டுக்கல் பேசரி போட மூக்கு குத்தலாமா, மாப்பிள்ளை வீட்டில் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லலாமா? கேள்விகள் இவ்வளவுதான்.

நான் இருபது வருஷமாகக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருக்கிறேன். அழகுக்காக மட்டும் மூக்கை மாற்றுவது என் வேலை இல்லை. வளைந்த தண்டு, விபத்தில் நசுங்கிய மூக்கு, வேறெங்கோ ஆபரேஷன் ஆகி மூச்சு விட முடியாமல் வருகிற மூக்கு, இப்படிப்பட்டவைதான் என் மேஜைக்கு வரும். அதனால் என் பதில் மூச்சுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். உங்கள் மூக்கை நான் நேரில் பார்த்ததும் இல்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனால் தைக்கு முன்னால் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

மூக்கு ஆபரேஷனில் டாக்டரின் கைக்கு அடுத்தபடி எல்லாமே குருத்தெலும்புக் கணக்குதான். மூக்கின் மேல் பகுதி எலும்பு. நடுப் பகுதியும் நுனியும் குருத்தெலும்பு. இவற்றை உள்ளேயிருந்து தாங்குவது நடுச்சுவர், அதாவது நாம் 'தண்டு' என்று சொல்வது. கூடாரத்துக்கு நடுக்கம்பு மாதிரி. தண்டு வளைவைச் சரிசெய்யும்போது அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுப்பார்கள். மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைப்பார்கள். அந்த 'எல்' வடிவச் சட்டம்தான் மூக்கு இடிந்து விழாமல் காக்கிறது. எடுத்த துண்டு ஏறக்குறைய ஒரு பெரிய தபால்தலை அளவு இருக்கும். நேரான, விறைப்பான, பக்கத்திலேயே கிடைக்கிற துண்டு. ஒட்டுப் போட அதைவிட நல்ல சாமான் உடம்பில் கிடையாது. ஆனால் எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வளராது.

முதல் ஆபரேஷனில் அந்தத் துண்டு செலவாகியிருந்தால், இரண்டாவது டாக்டர் கடையே மூடிய பிறகு சாமான் வாங்க வந்தவர் மாதிரி. காதிலோ விலாவிலோ கைவைத்தாக வேண்டும். இதோடு தழும்பும் சேர்ந்துகொள்ளும். தொடாத மூக்கில் தோல், அதன் கீழ்ச் சதை, குருத்தெலும்பு மேலுள்ள மெல்லிய சவ்வு எல்லாம் அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். ஒரு தடவை திறந்து மூடிய மூக்கைப் பிரிப்பது மழையில் நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்களைப் பிரிப்பது போலத்தான். கிழியாமல் பிரிக்கவே பாதி நேரம் போய்விடும். ரத்த ஓட்டமும் முன்போல இருக்காது. ரிவிஷன் என்ற சொல்லைக் கேட்டால் பழைய வேலையில் ஒரு திருத்தம் என்று தோன்றும். மேஜையில் அது வேறு ஆபரேஷன், முதலாவதைவிடக் கடினமானது, நேரமும் கூட.

ஆகவே உங்கள் முதல் கேள்வி 'எப்போது செய்யலாம்' என்பதாக இருக்கக் கூடாது. 'என் மூக்கில் மிச்சம் என்ன இருக்கிறது' என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு.

ஒன்று, பஞ்சுக் குச்சி. டாக்டர் மூக்குத் துளைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு நடுச்சுவரை மெதுவாக அமுக்குவார். எதிர்த்து நின்றால் குருத்தெலும்பு இருக்கிறது. தொங்கவிட்ட துணிபோல அசைந்து கொடுத்தால், அங்கே இரண்டு பக்கச் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. அரை நிமிஷ வேலை, செலவு கிடையாது. இதைச் செய்யாமலே "விலாவிலிருந்து எடுக்கணும்" என்று உங்களிடம் சொல்லியிருந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம்.

இன்னொன்று, முதல் ஆபரேஷனின் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியைச் சொல்லவில்லை. அதில் பெரும்பாலும் ஆபரேஷன் பெயரும் மாத்திரைப் பட்டியலும்தான் இருக்கும். 'ஆபரேஷன் நோட்ஸ்' என்று தனியாகக் கேளுங்கள். எங்கே வெட்டினார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எடுத்ததை எங்கே வைத்தார்கள், எலும்பை உடைத்து ஒடுக்கினார்களா, டர்பினேட் என்ற பக்கச்சுவர்ச் சதை மடிப்பைக் குறைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். கேட்கத் தயங்க வேண்டாம். மருத்துவர் நடத்தை விதிகள், 2002, நோயாளியின் பதிவேட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் மூக்கில் என்ன நடந்திருக்கலாம்?

மேட்டைச் செதுக்கும்போது, நடுப் பகுதியின் பக்கவாட்டுக் குருத்தெலும்புகள் நடுச்சுவரோடு சேர்கிற இடம் பிரிந்துபோகும். அந்தச் சேர்க்கையைத் திரும்பக் கட்டாமல் விட்டால், மாதங்கள் போகப் போக அவை உள்பக்கமாகச் சரியும். எலும்பு முடிகிற விளிம்பு மட்டும் தோலுக்கு அடியில் தெரிய ஆரம்பிக்கும். எதிரே நின்று பார்த்தால் தலைகீழாக எழுதிய ஆங்கில 'வி' மாதிரி ஒரு நிழல் விழும். நீங்கள் சொல்கிற நிழல் அநேகமாக இதுதான். மூக்கின் மிகக் குறுகலான வாசலும் அதே இடத்தில்தான் இருக்கிறது, 'வால்வு' என்போம். நடுச்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் நடுவே சாதாரணமாகவே 10 முதல் 15 டிகிரி கோணம்தான் இருக்கும். அதில் கொஞ்சம் குறைந்தால்கூட மூச்சு திணறும். இளநீரை ஸ்ட்ரா போட்டு வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா சப்பையாகி ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் உங்கள் இடது மூக்கில் நடக்கிறது. மெதுவாக இழுத்தால் காற்று வரும். படி ஏறும்போது இழுத்தால் அடைத்துக்கொள்ளும்.

இதற்குக் கைகண்ட தீர்வு உண்டு. நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையில் தீக்குச்சி போல மெல்லிய குருத்தெலும்புப் பட்டையைச் செருகி இடைவெளியை விரித்து வைப்பது. 'ஸ்ப்ரெடர் கிராஃப்ட்' என்று பெயர். ஜாக் ஷீன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1984-ல் இதை எழுதினார். இன்றைக்கும் ரிவிஷனில் முதலில் கை போவது இதற்குத்தான். மூக்கு மடல் பலவீனமாக இருந்தால் அங்கே வேறொரு தாங்கு வைப்பார்கள். இரண்டுக்கும் சாமான் வேண்டும். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றிக் கையிருப்புக்கே வந்து நிற்கிறோம்.

ஆனால் அடைப்பெல்லாம் வால்வினால்தான் வரும் என்று இல்லை. என்னிடம் 'மூக்கு ஆபரேஷன் கெட்டுப்போச்சு' என்று வந்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது தூசு அலர்ஜி. சிலருக்குச் சொட்டு மருந்துப் பழக்கம். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால், மருந்தே அடைப்பை உண்டாக்கும். விட்டவுடன் திறக்கும், நாலு மணி நேரத்தில் முன்னைவிட மோசமாக அடைக்கும், திரும்ப விடுவார்கள். இந்த வட்டத்தில் இருக்கிற மூக்கைப் பார்த்து யாரும் ரிவிஷன் முடிவு எடுக்கக் கூடாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில சோதனைகள் உண்டு. கண்ணாடி முன் நின்று, தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, வாயை மூடிச் சட்டென்று மூச்சை இழுங்கள். இடது மடலோ அதற்கு மேலுள்ள பள்ளமோ உள்ளே இழுபடுகிறதா? அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் மூக்கின் மேல் குறுக்கே ஒட்டுகிற பட்டை கிடைக்கும். 'நேசல் ஸ்ட்ரிப்' என்று கேளுங்கள். இரண்டு மூன்று இரவு ஒட்டிக்கொண்டு தூங்கிப் பாருங்கள். அது நன்றாக உதவினால் குறை வால்வில் இருக்கலாம். ஸ்ட்ரிப்பினால் ஒன்றும் ஆகாமல் டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயில் திறந்தால் குறை உள்சவ்வில், கத்தி தேவையில்லை. அந்த ஸ்பிரேயையும் நான்கு முதல் ஆறு வாரம் ஒழுங்காக அடித்துப் பார்த்துவிட்டுத்தான் 'கேட்கவில்லை' என்று சொல்ல வேண்டும். பாதிப்பேர் தப்பாக அடிக்கிறார்கள். இடது மூக்குக்கு வலது கையால் பிடித்து, முனை நடுச்சுவரைப் பார்க்காமல் இடது கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுச்சுவர் மேலேயே அடித்தால் ரத்தம் வரும், புண்ணாகும்.

கன்னத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கிற சோதனையைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கன்னத்தை இழுத்தால் யாருக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் மூச்சு வரும். நாங்கள் செய்வது வேறு. காது சுத்தம் செய்கிற மெல்லிய கம்பியை மூக்குக்குள் விட்டு, சந்தேகப்படுகிற இடத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பிடிப்போம். மூச்சு இழுக்கச் சொல்வோம். போன வருஷம் ஒரு பள்ளி ஆசிரியை, இரண்டு வருஷமாக வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர். கம்பியை மேல் வால்வில் வைத்துத் தூக்கினேன், "அப்படியேதான் சார் இருக்கு" என்றார். அரை சென்டிமீட்டர் கீழே இறக்கி மடலைத் தூக்கினேன். பேசவில்லை, திரும்பத் திரும்ப மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார். கம்பியை எடுத்தபோது "எடுக்காதீங்க" என்றார். அவருக்குத் தேவைப்பட்டது மடலுக்கு ஒரு சின்னத் தாங்கு மட்டும்தான். காதிலிருந்து எடுத்து முடித்தோம். அவரிடமும் வேறு ஒருவர் விலா என்றுதான் சொல்லியிருந்தார்.

விலா, காது என்ற பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். காதுக் குருத்தெலும்பு மென்மையானது, இயல்பாகவே வளைந்தது. மடலுக்கும் நுனிக்கும் நன்றாகப் பொருந்தும். நேராக நிமிர்த்தி நிறுத்த வேண்டிய இடத்துக்கு லாயக்கில்லை. எடுத்த தழும்பு காதுக்குப் பின்னால் மறைந்துவிடும், காதின் தோற்றமும் பெரிதாக மாறாது. விலாக் குருத்தெலும்பு தாராளமாகக் கிடைக்கும், விறைப்பானது, சரிந்த மூக்கை நிமிர்த்த அதைவிட்டால் வழியில்லை. ஆனால் விலைகொடுக்க வேண்டும்: மார்புக்குக் கீழ் சில சென்டிமீட்டர் தழும்பு, சில வாரம் இருமினாலும் சிரித்தாலும் வலி, அரிதாக நுரையீரல் உறையில் ஓட்டை விழுகிற ஆபத்து. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. செதுக்கி வைத்த துண்டு, பச்சை மரத்தில் செய்த கதவு மாதிரி, நாள்பட முறுக்கிக்கொள்ளலாம். அனுபவமுள்ளவர்கள் அதற்கேற்பச் செதுக்குவார்கள். உங்களுக்கு நுனியோ பாலமோ (மூக்கின் மேல்முதுகு) இடிந்து விழவில்லை. நடுப் பகுதிதான் ஒடுங்கியிருக்கிறது. நடுச்சுவரில் மிச்சம் இருந்தால் விலா வரைக்கும் போகவே வேண்டியிராது. அதனால்தான் அந்தப் பஞ்சுக் குச்சி.

இப்போது நுனித் தடிப்புக்கு வருவோம். இதில் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கலாம். மூக்கில் கடைசியாக வீக்கம் வடிகிற இடம் நுனி. மெல்லிய தோல் உள்ளவர்களுக்கே ஒரு வருஷம் ஆகும். நம்மில் பலருக்கு மூக்குத் தோல் தடிமன், எண்ணெய்ப் பசை அதிகம். ஒன்றரை, இரண்டு வருஷம்கூட எடுக்கும். காலையில் எழுந்ததும் தடிப்பாகவும் மாலையில் கொஞ்சம் மெலிந்தும் தெரிந்தால் வீக்கம் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொட்டுப் பாருங்கள், மாவுபோல அழுந்துகிறதா, கல்போல இருக்கிறதா? பத்தாவது மாதத்தில் இருக்கிற நுனியைக் கடைசி நுனி என்று எண்ணி ஆபரேஷன் செய்தால், அடுத்த எட்டு மாதத்தில் தானாகவே வடிந்திருக்கக்கூடியதை வெட்டி எடுத்ததாக ஆகிவிடும். நுனிக்கு மேலே தழும்புச் சதை திரண்டிருந்தால் சிறிய அளவு ஸ்டீராய்டு ஊசியிலேயே கரைப்பது உண்டு. அதையும் அளவு தெரிந்தவர்தான் போட வேண்டும், மிஞ்சினால் தோல் மெலிந்து குழி விழும்.

பொதுவாக ஒரு வருஷம் முடியும் வரை ரிவிஷன் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். விதிவிலக்குகள் உண்டு. ஆபரேஷன் ஆன சில நாளில் நடுச்சுவரில் ரத்தம் கட்டி இரண்டு பக்கமும் அடைத்து வலித்தால் அன்றைக்கே ஓட வேண்டும், விட்டால் குருத்தெலும்பே அழுகிப்போகும். சீழ் பிடித்தாலும், மூக்கை உயர்த்த வைத்த சிலிக்கோன் துண்டு தோலைத் துளைத்துக்கொண்டு வந்தாலும் காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு இவை எதுவும் இல்லை.

ஒரு சின்ன விஷயம், செல்ஃபி. நீங்கள் அனுப்பிய விவரத்தில் 'போட்டோவில் இன்னும் அகலமாகத் தெரிகிறது' என்று எழுதியிருந்தீர்கள். கையை மடக்கி ஒரு அடி தூரத்தில் வைத்து எடுத்தால் யார் மூக்கும் அப்படித்தான் தெரியும். அமெரிக்காவில் இதைக் கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டார்கள்: 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி, 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. ஆகவே ஐந்தடி தள்ளி வேறு ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு எதிரே, ஒரே இடம், ஒரே நேரம், மாதத்துக்கு ஒரு தடவை, நேராக, இரண்டு பக்கமும், கீழிருந்து. நாலு மாதத்துக் கோப்பு எந்த டாக்டருக்கும் உதவும். அதைத் தவிர்த்த மற்ற நாட்களில் கண்ணாடியை மூக்குக்காகப் பார்க்காதீர்கள் என்றால் கோபித்துக்கொள்வீர்களோ என்னவோ.

இதில் இன்னும் ஒன்றைக் கேட்டாக வேண்டும், உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை, எல்லோரிடமும் கேட்பதுதான். நீங்கள் சொல்கிற குறை வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிகிறதா? ஒரு நாளில் எவ்வளவு நேரம் இதைப் பற்றி ஓடுகிறது? வெளியே போவதை, விசேஷங்களை மூக்குக்காகத் தவிர்க்கிறீர்களா? யாருக்கும் தெரியாத குறை ஒருவரை மணிக்கணக்காக ஆட்டிவைத்தால், அதற்கு மனநல மருத்துவத்தில் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. அவர்களுக்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் திருப்தி வராது, குறை இடம் மாறும், அவ்வளவே. உங்கள் கேள்வியில் நிழல் மட்டும் இல்லை, மூச்சும் இருக்கிறது. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படுகிறது.

இரண்டாவது ஆபரேஷன் எங்கே அவசியம், எங்கே விபரீதம் என்பதற்கு வெளியே தெரிந்த இரண்டு பேரைச் சொல்லலாம். நடிகை பிரியங்கா சோப்ரா, 2002-ல் தமிழ்ப் படத்தில்தான் அறிமுகமானார், 2021-ல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் குறிப்பில் மூக்கைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார். மூக்கினுள் வளர்ந்த சதையை எடுக்கும்போது பாலமும் சேர்ந்து செதுக்கப்பட்டு மூக்கு சரிந்துவிட்டது. பிறகு திருத்த ஆபரேஷன்கள் செய்துகொண்டார். சரிந்த மூக்கைச் சரிந்தபடி விட முடியாது, அது அவசியம். அமெரிக்க நடிகை ஜெனிஃபர் கிரேயின் கதை வேறு. முதல் ஆபரேஷனில் மிஞ்சிய ஒரு சின்னக் குறையைச் சரிசெய்யத்தான் இரண்டாவது தடவை போனார். வெளியே வந்தபோது, தெரிந்தவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல மூக்குதான். முகம்தான் வேறு ஆளுடையதாகிவிட்டது.

மூக்குத் திருத்தம் செய்தவர்களில் திரும்பச் செய்துகொள்பவர்கள் 5 முதல் 15 சதவீதம் என்று மருத்துவ இதழ்களில் பொதுவாகச் சொல்வார்கள். அதனால் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்காத ஒன்று இல்லை, முதல் டாக்டர் மோசமானவர் என்பதற்கு அதுவே சாட்சியும் இல்லை. அவரிடம் ஒரு தடவை போய்ப் பேசுங்கள். 'கோபித்துக்கொள்வாரோ' என்று பலர் தயங்கி, அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் போகிறார்கள். உள்ளே என்ன இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர். அவரிடமே திரும்பச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

யாரிடம் செய்வது? எம்.எஸ். ஈஎன்டி படித்தவரும் செய்கிறார், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரும் செய்கிறார். பட்டத்தைவிட, ரிவிஷன் எத்தனை செய்திருக்கிறார், விலா எடுத்து எத்தனை செய்திருக்கிறார் என்பது முக்கியம். நேராகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பேர் பதிவில் இருக்கிறதா என்று தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் உங்கள் மூக்கை மாற்றிக் காட்டுவார்கள். அது அவர் மனதில் இருப்பதை உங்களுக்குக் காட்ட ஒரு படம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எண்டோஸ்கோப் (மூக்குக்குள் விட்டுப் பார்க்கிற மெல்லிய கேமராக் குழாய்) விடாமல், மூக்குக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தபடியே தேதி கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மூச்சுக்காகச் செய்வது என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஒரு கருத்துக் கேட்கலாம். கூட்டம் இருக்கும், ஆனால் உங்களிடம் விற்க அங்கே பேக்கேஜ் எதுவும் இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி. அழகுக்காகச் செய்யும் அறுவையை எந்தப் பாலிசியும் ஏற்காது. மூச்சுத் தடைக்காக என்றால் ஏற்க வாய்ப்பு உண்டு. பல பாலிசிகளில் தண்டு வளைவுக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு இருக்கும். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் வால்வு சுருக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே கம்பெனியிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இனி தை. ஒரு வருஷம் முடிவது ஆடி. ஆடியில் ரிவிஷன் செய்தால் கல்யாணத்துக்கு ஆறு மாதம். ரிவிஷன் வீக்கம் முதல் ஆபரேஷன் வீக்கத்தைவிட மெதுவாக வடியும். அதாவது கல்யாண ஆல்பத்தில் உங்கள் மூக்கு இப்போது இருப்பதைவிடத் தடிப்பாக இருக்கும். நுனி பழையபடி மரத்துப்போயிருக்கும். முகூர்த்தப் புகை, இரவு விழிப்பு, பூ மணம் எல்லாம் ஆறாத மூக்குக்கு ஆகாது. தேதி நெருங்கினால் பதற்றத்தில் யாராவது "ஃபில்லர் ஊசி போட்டு நிழலை நிரப்பிடலாம், அரை மணி நேரம்தான்" என்பார்கள். ஆபரேஷன் ஆன மூக்கில் ரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கும். ஊசி குழாய்க்குள் போனால் தோல் கருகும், கண் பார்வைகூடப் போயிருக்கிறது. நிழலை மேக்கப் போடுபவரிடம் விடுங்கள், அவர்களுக்கு அது ஐந்து நிமிஷ வேலை.

அதனால் என் கணக்கு இது. இப்போது ஆபரேஷன் நோட்ஸ் வாங்குவது, ஸ்பிரே, ஸ்ட்ரிப், மாதம் ஒரு படம். ஆடி தாண்டியதும் எண்டோஸ்கோபியோடு இரண்டு பேரிடம் கருத்து. கல்யாணம். அதற்கு அப்புறமும் படி ஏறும்போது மூக்கு ஒட்டிக்கொண்டால், அடுத்த கோடையில் ஆபரேஷன். இடையில் கர்ப்பமானால் அந்த மாதங்களில் மூக்கடைப்பு பலருக்கும் கூடும், பிரசவத்துக்குப் பின் தானாகக் குறையும். அப்போது இருக்கிற மூக்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 'கல்யாணமானா எல்லாம் சரியாகிடும்' என்று அம்மா சொல்வதில், மூக்கைப் பொறுத்தவரை உண்மை இல்லை. ஆனால் இப்போதைக்கு விடு என்று சொல்வதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு. மாப்பிள்ளை வீட்டில் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது ஈஎன்டி கேள்வி இல்லை. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன், மாப்பிள்ளையிடமாவது சொல்லிவிடுங்கள். விலாவிலிருந்து எடுக்க நேர்ந்தால் பத்து நாள் தலையணை உயர்த்திக் கொடுக்கப் போவது அவர்தான்.

பேசரிக்கு வருகிறேன். எட்டுக்கல் பேசரி சாதாரண மூக்குத்தியைவிடக் கனம், அதன் திருகும் தடிமன். இடது மடல் ஏற்கெனவே பலவீனமாக உள்ளே இழுபடுகிறது என்கிறீர்கள்; அங்கே துளை போட்டுக் கனம் ஏற்ற வேண்டாம். துளை குருத்தெலும்பில் பட்டுச் சீழ் பிடித்தால், பின்னால் தாங்கு வைக்க வேண்டிய இடமே கெட்டுப்போகும். உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் குத்துவது வழக்கம் என்றால், இரண்டு துளையையுமே ரிவிஷன் முடிந்து ஆறும் வரை தள்ளிப்போடுங்கள். நகைக் கடையில் துளை இல்லாமல் அழுத்திப் போடுகிற 'பிரஸ்ஸிங்' மூக்குத்தி கிடைக்கும். பாட்டியின் பேசரியைக் கொண்டுபோய், அதே எட்டுக்கல் அமைப்பில் கனம் குறைவாக ஒன்று செய்து தரச் சொல்லுங்கள். மடலில் லேசாக நிற்க வேண்டும். கழற்றும்போது சிவப்புத் தடம் பதிந்திருந்தால் பிடி இறுக்கம், ஆசாரியிடம் திரும்பக் கொடுத்துத் தளர்த்திக்கொள்ளுங்கள்.